சிறுவீடு

சுவர் ஒரு சாண் உயரம்தான். கூரை கிடையாது. குளத்துக் களிமண்ணைக் குழைத்து, முற்றத்து மூலையில் வரப்பு எடுப்பதுபோல் நாலு பக்கமும் எழுப்பி, நடுவில் குறுக்குச் சுவர் ஒன்று வைத்து அறை பிரித்திருப்பார்கள். முன்பக்கம் வாசலுக்கு இடம் விட்டிருக்கும். உள்ளே ஒரு மூலை அடுப்படி. விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சுவரின் உச்சியை வழவழவென்று தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது வெடித்துப்போகும். மண் காய்ந்த பிறகு சுண்ணாம்பு, சுண்ணாம்பு காய்ந்த பிறகு காவிப்பட்டை. “ஏட்டி, கைய வைக்காத. உள்ள இன்னும் ஈரம் கெடக்கு” என்று ஆச்சி அக்காவை அதட்டிக்கொண்டே இருப்பாள். எனக்கு அந்த அதட்டல்கூடக் கிடையாது. ஆம்பளப் பையனுக்கு மண் சுமந்து போடுகிற வேலை மட்டும்தான்.

திருநெல்வேலிச் சீமையில் இதற்குச் சிறுவீடு என்று பெயர். இதில் வைக்கிற பொங்கல் சிறுவீட்டுப் பொங்கல். தைப்பொங்கல் கழிந்து, தை முடிவதற்குள் தோதான ஒரு நாளில், சில தெருக்களில் தைப்பூசத்தை ஒட்டி, வீட்டுப் பெண்பிள்ளைகள் சின்னப் பானையில் பொங்குவார்கள். வேளாளர் தெருக்களில் அதிகம். தாமிரபரணிக் கரையில் மற்றவர்கள் வீட்டிலும் உண்டு. மதுரையைத் தாண்டி வடக்கே போய் இந்தப் பெயரைச் சொன்னால், “என்னது, சின்ன வீடா?” என்று சிரிப்பார்கள். பாக்யராஜ் 1985இல் எடுத்த படம் அந்தச் சிரிப்பை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. சிரிக்கட்டும். வீடு என்ற சொல் போடுகிற வேஷங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதற்கு வருமுன் இந்தப் பெயரின் பின்பாதியைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்துவிடலாம்.

அறுவடைத் திருநாளுக்குப் பெயர் வைக்கும்போது பல ஊர்க்காரர்கள் புதிய அரிசியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். குடகில் புத்தரி. கேரளத்தில் நிறபுத்தரி, அதையே கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில்களில் நிறைபுத்தரிசி என்போம். யாழ்ப்பாணத்தில் புதிர், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் தைப்பூசத்தை ஒட்டி நெற்புதிர் எடுக்கிறார்கள். வங்காளத்தில் நவான்னம், புதுச்சோறு. மேற்கு ஒடிசாவில் நுவாகாய், புதிதைத் தின்பது. எல்லாப் பெயருக்குள்ளும் ‘புது’ உட்கார்ந்திருக்கிறது.

பொங்கலுக்குள் அது இல்லை. அரிசி புதிதா பழையதா என்று இந்தப் பெயர் கேட்பதில்லை. பால் பொங்கியதா, வழிந்ததா, எந்தப் பக்கம் வழிந்தது என்றுதான் கேட்கிறது. மற்றவர்கள் பெயர் வயலிலிருந்து வந்தது. நம்முடையது அடுப்பிலிருந்து வந்தது.

பண்டத்தின் பெயராகப் பொங்கல் பழையது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையில், புகார் நகரத்துக் காவற்பூதத்தின் பீடத்தில் பெண்கள் கொண்டுவந்து படைக்கிற பொருள்களில் பொங்கலும் ஒன்று. அந்த விழா சித்திரையில் நடப்பது. தை மாதத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆக, பானையில் இருந்த சோற்றின் பெயர்தான் பின்னால் ஒரு நாளின் பெயராக ஏறியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்களில் சோற்றை ஆக்குவார்கள், வடிப்பார்கள், வைப்பார்கள். நாங்கள் தினமும் பொங்குவோம். “சோறு பொங்கியாச்சா?” என்பது சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் கேள்வி. “பொங்கிப் போட ஆளில்ல” என்பது பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கிறவனின் புலம்பல். வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற பண்டிகையின் பெயரும் அன்றாட அடுப்படி வினையும் ஒன்றாக இருப்பதால், நெல்லைக்காரர் வாயில் பொங்கல் என்ற சொல் ரொம்பப் புழங்கித் தேய்ந்து, கடைசி ‘ல்’ கழன்றே போய்விட்டது. பொங்கக்கட்டி என்றால் அடுப்புக்கு வைக்கிற மூன்று மண்கட்டிகள். சுண்ணாம்பு அடித்துக் காவி தீட்டி, மார்கழிக் கடைசியில் விற்பனைக்கு வரும். அதன்மேல் பானையை ஏற்றி, அடியில் பனையோலையைத் திணித்து எரிப்போம். ஓலை ‘சடசட’வென்று பற்றுகிற சத்தமும், பால் மேலே வரும்போது பெண்கள் போடுகிற குலவைச் சத்தமும் சேர்ந்தால்தான் எங்களுக்குப் பொங்கல். கேஸ் அடுப்பில் குக்கர் விசிலுக்குக் குலவை போட்டவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

பொங்கப்படி என்பது கல்யாணமாகிப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகிற வரிசை. அரிசி, வெல்லம், பானை, கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, சிறுகிழங்கு. மற்ற மாவட்டங்களில் இதைச் சீர் என்பார்கள். இந்தப் ‘படி’யும் கவனிக்க வேண்டிய சொல்தான். நெல்லை அளக்கிற படியும் இதுதான், அரசு அலுவலருக்கு வருகிற பஞ்சப்படியும் இதுதான். அளந்து கொடுப்பது என்பது பொருள். அதனால்தானோ என்னவோ, போன வருஷப் படியில் எத்தனை கரும்பு வந்தது என்று மாமியார்கள் மறப்பதே இல்லை.

இனி நெல்லைக்காரர்கள் சிலர் முகம் சுளிக்கிற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தைப்பொங்கல் எங்கள் ஊர் அறுவடைத் திருநாள் இல்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்கு இரண்டு பூ. போகம் என்பதை இந்தப் பக்கம் பூ என்பார்கள். முதல் பூ கார். தென்மேற்குப் பருவமழையில் மலையிலிருந்து வரும் தண்ணீரை நம்பி ஆனி, ஆடியில் தொடங்கி, புரட்டாசி வாக்கில் அறுப்பது. இரண்டாவது பிசானம், புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுப்பது. பிசானம்தான் பெரும்பூ. 8 அணைக்கட்டுகளும் 11 கால்வாய்களும் காலங்காலமாக இந்த இரண்டு பெயருக்கும் ஏற்பத்தான் திறந்து மூடுகின்றன. தைப்பொங்கலன்று பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றோரமாகப் போய்ப் பாருங்கள். வயலில் பச்சைதான் நிற்கும். பல வயல்களில் அப்போதுதான் கதிர் வாங்கியிருக்கும். சம்பா அறுக்கிற காவிரிக்காரர்களுக்குத் தையும் அறுப்பும் கச்சிதமாகப் பொருந்தும். நாங்கள் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் ‘அறுவடைத் திருநாள்’ என்று எழுதி மார்க் வாங்கிவிட்டு, ஜன்னல் வழியே பச்சை வயலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நெல்லுக்கும் தைக்கும் ஊர்ப் பெயர் வழியாகவே ஒரு முடிச்சு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவாமி அமுதுக்காக வேதசர்மா காயப்போட்டிருந்த நெல்லை மழை நனைக்காமல் சிவன் வேலியிட்டுக் காத்தார் என்பது நெல்லையப்பர் கோயில் தலபுராணம். தைப்பூசத் திருவிழாவில் அதை நடத்திக் காட்டுகிறார்கள். அங்கேயும் பாருங்கள், கதை நெல்லை அறுத்ததைப் பற்றியது அல்ல. அறுத்து வந்த நெல் நனையாமல் தப்பியதைப் பற்றியது.

அப்படியானால் இந்தப் பள்ளத்தாக்கின் அசல் அறுவடைத் திருநாள் எது? பிசானம் வீடு வந்த பிறகு நடக்கிறவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மாசி, பங்குனியில் களம் கூடும். அடித்துத் தூற்றிய நெற்குவியலுக்குப் பொலி என்று பெயர். பொலிதல் என்றால் பெருகுதல், அழகு பெறுதல். குவிந்த நெல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. அளக்கிறவர் மரக்காலைப் பொலியில் முக்கி எடுக்கும்போது முதல் எண்ணை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார். ‘லாபம்’ என்பார். பிறகுதான் ரெண்டு, மூணு. யாருக்கு லாபம் என்பது வேறு கதை. அறுத்தவர்களுக்கு அந்தக் களத்திலேயே கொத்து அளப்பார்கள், அதாவது நெல்லாகவே கூலி. நிலத்துக்காரர் மரக்காலில் தலைதட்டி அளந்தாரா, கும்பம் வைத்து அளந்தாரா என்பதை வைத்துத்தான் அறுப்புக்காரக் குடும்பத்துக்கு அந்த வருஷம் பண்டிகை உண்டா இல்லையா என்று முடிவாகும். இப்போது அறுவடை இயந்திரம் வந்து மணிக்கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டு போகிறது. லாபம் என்று எண்ணுகிறவர் இல்லை, தலைதட்டுகிறவரும் இல்லை.

பொலி கண்ட கையோடு பங்குனி உத்திரம் வரும். அன்றைக்கு நெல்லைக்காரர் எந்த ஊரில் இருந்தாலும், மும்பையில் கடை வைத்திருந்தாலும், தன் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார். குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளோ இருக்கிற கோயிலில் கல்கூட்டி அடுப்பு வைத்துக் குடும்பத்தோடு பொங்கலிடுவார்கள். தைப்பொங்கலுக்கு வராத அண்ணன் தம்பிகள் உத்திரத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் சித்திரை முதல் ஆடிவரை ஊருக்கு ஊர் கொடை. சுடலைமாடனுக்கு, இசக்கிக்கு, முத்தாரம்மனுக்கு. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் விடிய விடிய நடக்கும். கொடை என்ற சொல்லில் கடவுள் பெயரும் இல்லை, மாதத்தின் பெயரும் இல்லை. கொடு என்கிற வினை மட்டும் இருக்கிறது. களத்தில் வாங்கியதைக் கோயிலில் கொடுப்பது.

கிறிஸ்தவ ஊர்களில் இதே உணர்ச்சிக்கு அறுப்பின் பண்டிகை என்று பெயர். அறுவடை என்று சொல்ல மாட்டார்கள், அறுப்புதான். தமிழ் வேதாகமத்தில் யாத்திராகமம் அறுப்புக்காலப் பண்டிகை என்று சொல்கிறது, வயற்காட்டுப் பேச்சிலும் அறுப்பு என்றே சொல்கிறார்கள். இரண்டும் நெல்லைத் திருச்சபைக்குள் கைகோத்துக்கொண்டன. அன்று கோயிலுக்குள் நுழைந்தால் சந்தைக்குள் நுழைந்தது மாதிரி இருக்கும். பலிபீடத்துக்கு முன்னால் நெல் மூட்டை, வாழைத்தார், பூசணி, தேங்காய், கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். சந்தையில் நாற்பது ரூபாய் பெறுகிற பூசணி அங்கே நானூறுக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிட, இன்னொருவர் எடுப்பார். ஒரே பூசணி மூன்று பேரின் முதற்பலனாகிவிடும். வயல் இல்லாத பெண்களுக்கும் இதில் பங்கு உண்டு: தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டுவைத்துக் கொண்டுவருகிற கைப்பிடியரிசிக் காணிக்கை.

அதோடு சேர்ந்த இன்னொரு சொல் அசனம். நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் அசனம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊரே பந்தி பந்தியாக உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு தின்கிற நாள். வடமொழியில் அசனம் என்றால் உண்ணுதல். புத்தகத்தில் செத்துக் கிடந்த அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தது தேரிக்காட்டு ஓரத்துச் சபைகள்தான். கடையம் பக்கம் பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலில் கந்தூரி. பாரசீகத்தில் அது உணவு பரிமாற விரிக்கும் துணியின் பெயர். விரிப்பின் பெயர் விருந்தின் பெயராகி, பிறகு விழாவின் பெயராகிவிட்டது. பிறை பார்த்து நடப்பதால் அது எந்த அறுப்போடும் ஒட்டி நிற்காது. ஆனால் அங்கே நேர்ச்சைச் சோற்றுக்குக் காத்திருக்கிற வரிசையில் பொட்டும் திருநீறும் வைத்தவர்கள் எப்போதும் உண்டு. கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்துப் பெண்கள் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் மஞ்சள் இலையில் நிறம் நிறமாகச் சோற்று உருண்டை வைத்துக் காக்கைக்குப் போடுகிற கனுப்பிடியும் இதே ஜாதிச் சொல்தான்; கையால் பிடித்தது பிடி.

ஒருவர் பொங்குகிறார், ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் தின்கிறார், ஒருவர் துணி விரிக்கிறார், ஒருவர் பிடித்துவைக்கிறார். இந்தப் பள்ளத்தாக்கில் சாமிகள் வேறு, மாதங்கள் வேறு. பண்டிகைப் பெயர்கள் மட்டும் அடுக்களைக்கும் பந்திக்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கூட்டத்தில் சேராமல் தனியே நிற்பது சிறுவீடு. அதில் வினை எங்கே?

வீடு என்றதும் நமக்குச் சுவரும் கூரையும் வாடகையும்தான் நினைவுக்கு வரும். பழைய தமிழில் அப்படி இல்லை. சங்கப் பாட்டுகளில் மனிதர்கள் இல்லில் இருந்தார்கள், மனையில் இருந்தார்கள், குரம்பையில் இருந்தார்கள். வசதியானவர்கள் இருந்த மாளிகையை நகர் என்றார்கள். வீடு என்றால் விடுதல். கெடு என்பது கேடு ஆவதுபோல, சுடு என்பது சூடு ஆவதுபோல, விடு என்பது முதலெழுத்து நீண்டு வீடு ஆனது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று தமிழ் வாத்தியார் பலகையில் எழுதிப்போட்டது இதைத்தான். அறம், பொருள், இன்பத்துக்குப் பின்னால் வருகிற வீடும் இதுதான்: பற்றை விட்ட நிலை.

தாமிரபரணிக் கரையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் புளியமரத்தடியில் இருந்த நம்மாழ்வார், திருவாய்மொழியின் இரண்டாம் பதிகத்தை ‘வீடுமின்’ என்று எடுக்கிறார். விடுங்கள் என்று பொருள். அந்த ஒரே பாசுரத்தில் வீடு நாலு முறை வருகிறது. விடுவது, ஒப்படைப்பது, முக்தி என்றே உரைகள் போகின்றன. ஒருவரும் அங்கே திண்ணையும் நடுக்கூடமும் தேடவில்லை.

விடுதல் எப்படி வசிக்கிற இடம் ஆயிற்று? வழிப்போக்கர் மாட்டை அவிழ்த்துவிட்டு இறங்குகிற இடம் விடுதி. படை ஆயுதத்தை இறக்கித் தங்குகிற இடம் படைவீடு. கன்னடத்தில் பீடு என்பதற்கும் தெலுங்கில் வீடு என்பதற்கும் பாளையம், தங்குமிடம் என்ற பொருள்கள் உண்டு. இரண்டு நாள் தங்கல் இருபது நாளாகி, பிறகு தலைமுறையாகியிருக்கும். மலையாளமும் தமிழும் கடைசியில் அதைக் குடியிருப்பாகவே ஆக்கிக்கொண்டன. ஆற்றுப்படை வீடு என்பதுதான் ஆறுபடைவீடு ஆனது என்று அறிஞர்கள் சொல்வதை ஏற்றால், எங்கள் ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குத் தெற்கே இருக்கிற திருச்செந்தூரும் ஒரு தங்கல்தான்.

வீடு உள்ளே வர, இல் வெளியே போனது. போனாலும் சும்மா போகவில்லை. ஊரில், வயலில், ஆற்றில் என்று ஏழாம் வேற்றுமை உருபாக நம் வாயில் நாளெல்லாம் புழங்குகிறது. இல்லாள், இல்லறம், கல்யாணப் பத்திரிகையில் ‘எங்கள் இல்லத்தில்’. ஏன் அந்தச் சொல் பேச்சில் பின்வாங்கியது என்பதற்கு என்னிடம் ஒரு குருட்டு ஊகம்தான் உண்டு. இல் என்றால் வீடு; இல் என்றாலே இல்லை என்றும் காதில் விழும். வாசலில் நின்று கூப்பிடுகிறவருக்கு அது என்ன பதில்!

இந்த மாற்றத்தின் வழியேதான் சிறுவீட்டுக்கு வர வேண்டும். சிறு என்பதோடு இல் சேர்ந்தால் சிற்றில். சங்கக் காலத்துப் பெண்பிள்ளைகள் மணலில் கட்டி விளையாடிய குட்டி வீட்டுக்கு அதுதான் பெயர். கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில், சின்ன வயதில் தன் மணல் சிற்றிலைக் காலால் கலைத்த பயல் வளர்ந்து வாசலில் வந்து தண்ணீர் கேட்ட கதையை ஒருத்தி தோழிக்குச் சொல்கிறாள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க, சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சுகிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழ் வந்தபோது அந்தச் சிதைப்பே ஒரு பருவமாயிற்று. பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனுக்குப் பாடிய பிள்ளைத்தமிழிலும் அந்தப் பருவம் உண்டு. கட்டுவது பெண்பிள்ளை வேலை, மிதிப்பது ஆண்பிள்ளை அழகு என்று இலக்கியம் தீர்ப்பெழுதிவிட்டது. ஏழு வயதில் எனக்கு இலக்கியம் தெரியாது. ஆனாலும் அக்கா கட்டிய சிறுவீட்டின் அடுப்படிச் சுவரில் ஒரு மதியம் காலை வைத்தேன். ஆச்சி முதுகில் வைத்த அறைக்கு எந்தப் பிள்ளைத்தமிழிலும் பருவம் இல்லை.

இல் போய் வீடு வந்ததும் சிற்றில் போய்ச் சிறுவீடு வந்தது என்று கணக்கை முடித்துவிடலாம்தான். ஆனால் அதே ஆண்டாளே முடிக்க விடுவதில்லை. திருப்பாவை எட்டாம் பாட்டில் சிறுவீடு என்ற சொல்லே வருகிறது, எருமைகளோடு. எருமைக்கு ஏது வீடு? விடியுமுன், கறப்பதற்கு முன்னால், பனிப்புல் மேயக் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிடுவார்கள். அந்தச் சிறிய விடுதல்தான் சிறுவீடு. ஆக, பெண்பிள்ளை கட்டியதற்குச் சிற்றில், எருமையை விட்டதற்குச் சிறுவீடு என்று இரண்டும் ஒரே கவியின் வாயில் தனித்தனியாக இருந்திருக்கின்றன. அப்புறம் எப்போதோ, இல் போன இடத்தில் எருமையின் சொல் வந்து குடியேறிவிட்டது.

குடியேறிய சொல் பழைய பொருளை மறந்துவிட்டதா என்பதைச் சடங்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மார்கழி முதல் தேதி தொடங்கிக் கோலத்தின் நடுவே சாணி உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூ செருகுவார்கள். வெயில் ஏறியதும் அந்தச் சாணியைப் பூவோடு சேர்த்துத் தட்டி எருவாகக் காயவைப்பார்கள். மார்கழிக்கு 29 நாளோ 30 நாளோ, அத்தனை எரு. சிறுவீட்டில் பொங்கி, சின்ன இலையில் படைத்து, சாயங்காலம் அந்த எருக்களையெல்லாம் சுளகில் அடுக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் பொங்கலும் பூவும் வைத்துச் சூடம் ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு சிறுவீட்டின் மேல் ரெண்டு குடம் தண்ணீரை ஊற்றிக் கரைத்துவிடுவாள் ஆச்சி. “எங்க போயிட்டு வாறீய?” என்று யாராவது கேட்டால், “சிறுவீடு விட்டுட்டு வாறோம்” என்பாள். வைத்துவிட்டு அல்ல, கட்டிவிட்டு அல்ல. ஆச்சிக்குத் திருவாய்மொழி தெரியாது.

வினை அங்கேதான் இருந்திருக்கிறது.

சங்கத்துப் பெண்பிள்ளைகளின் அந்த மணல் விளையாட்டுக்கு இன்னொரு பெயரும் உண்டு: வண்டல். வண்டல் அயர்தல் என்பார்கள். இன்று வண்டல் என்றால் வெள்ளம் கொண்டுவந்து படியவைக்கிற மண். விளையாட்டின் பெயர் மண்ணுக்குப் போயிற்றா, மண்ணின் பெயர் விளையாட்டுக்கு வந்ததா என்று நான் ரொம்ப நாள் யோசித்ததில்லை, 2023 வரை.

அந்த வருஷம் மார்கழி முதல் தேதி டிசம்பர் 17. வாசலில் முதல் சாணி உருண்டை வைக்க வேண்டிய நாள். அன்றும் மறுநாளும் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பிசானம் நட்ட வயல்களுக்கும் ஆற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆற்றங்கரைத் தெருவில் இருக்கிற எங்கள் மதினி வீட்டில் தண்ணீர் ஜன்னல் வரை ஏறி, வடிந்தபோது நடுவீட்டில் கணுக்கால் அளவு சேறு. வாரி வாரி முற்றத்து மூலையில் ஒதுக்கியதில் அதுவே ஒரு மேடாகக் காய்ந்து கிடந்தது.

தைப்பொங்கல் பெயருக்கு நடந்தது. தை பாதி கழிந்த பிறகு மதினியின் மகள் சிறுவீடு கட்ட வேண்டும் என்று ஒரே அழுகை. அந்த மார்கழியில் கோலமும் இல்லை, எருவும் பத்தோ பன்னிரண்டோதான் தேறியது. களிமண் எடுத்து வரட்டுமா, குளத்தில் தண்ணீர் நிறைய நிற்கிறதே என்று நான் இழுத்தேன்.

“குளத்துக்கு எதுக்கு கொழுந்தன்? நம்ம நடுவீட்டு மண்ணு கெடக்குல்லா” என்றாள் மதினி.

வாரிப்போட்ட மேட்டைக் கொத்தி, கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி, தண்ணீர் ஊற்றிக் குழைத்தோம். ஆற்று மண், மணல் கூடுதல், சுவர் நிற்கவில்லை. கொஞ்சம் சாணி சேர்த்ததும் நின்றது. ஒரு சாண் எட்டவில்லை, நாலு விரல் குறைவு. சுண்ணாம்பு அடித்தபோது பெரிய வீட்டின் சுவரில் வெள்ளம் போட்டிருந்த பழுப்புக் கோட்டுக்கு நேர் கீழே இது வெள்ளையாக இருந்தது.

சாயங்காலம் படித்துறைக்குப் போனோம். கீழ்ப்படிகள் மணலுக்குள் புதைந்திருந்தன. பன்னிரண்டு எருவையும் பிள்ளை ஒவ்வொன்றாக விட்டாள். பதினொன்று போய்விட்டன. ஒன்று மட்டும் கரையோரத்து மருதமர வேரில், வெள்ளத்தில் வந்து சிக்கியிருந்த யாருடைய சேலையிலோ மாட்டிக்கொண்டு, சூடம் எரிய அங்கேயே சுற்றியது. பிள்ளை அழுவதற்கு வாயைக் கூட்டினாள். மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு கம்பால் அதைத் தள்ளிவிட்டாள்.